பனிக்காட்டில் எழுந்த சிரிப்பு



பதினெட்டு வயதில் நான் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே மூத்த கம்பாசிட்டர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, அடுத்த தெருக் கடையிலே கோடு போட்ட மை ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்று அனுப்பினார். நானும் போனேன். கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "அது இங்கே தீர்ந்துபோச்சே, கீழத்தெருவிலே கேட்டுப் பாரு" என்றார். மூன்று கடைகள் ஏறி இறங்கி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது அச்சகம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அனுப்பிய அண்ணாச்சியே தம் காசில் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கோக்கக் கற்றுத் தந்தார். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வந்த பையனை அதே மைக்கு அனுப்பியவன் நான்தான்.

அதே அச்சகத்தில் இன்னொரு பையனும் இருந்தான். அவனுக்குத் திக்குவாய். அவன் பேசத் தொடங்கினால் யாரேனும் ஒருவர் அவனைப்போலவே பேசிக் காட்டுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். எட்டாம் நாள் அவன் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும், கோடு போட்ட மையை நினைத்து வரும் சிரிப்பு, அந்தப் பையன் நினைவுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் இப்போது நினைவில் எழக் காரணம், பழைய கனடா நாட்டு மரவெட்டிகளைப் பற்றி அண்மையில் நான் படித்த செய்திகள். கடுங்குளிர்க் காட்டில், ஒரே கூரையின்கீழ், ஏழெட்டு மாதம் அடைபட்டுக் கிடந்த அந்த மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள், யாரைச் சிரித்தார்கள் என்பது என் அச்சகத்து நினைவோடு ஒட்டிக்கொண்டது. எனவே இம்மாதம் உங்களை அந்தக் காட்டுக்கே அழைத்துப் போகிறேன்.

ஒட்டாவா ஆற்றங்கரை வெண்பைன் மரங்களுக்குப் பேர்போனது. நெப்போலியன் ஐரோப்பியத் துறைமுகங்களை ஆங்கிலேயருக்கு அடைத்த நாளில், கப்பல் கட்ட மரமின்றித் தவித்த இங்கிலாந்து கனடாவை நோக்கியது. 1806-ஆம் ஆண்டில் பிலமன் ரைட் என்பவர் அவ்வாற்றில் முதல் மரத்தெப்பத்தைக் கியூபெக் துறைமுகம்வரை மிதக்கவிட்டார். அதன்பின் நூறாண்டுக் காலம், இலையுதிர் காலம் வந்ததும் கியூபெக் கிராமங்களின் ஆண்மக்கள் கோடரியைத் தோளிலிட்டுக் காட்டுக்குப் புறப்பட்டனர். பனிக்காலம் முழுவதும் மரம் வெட்டுவது, பனி உருகும் வசந்தத்தில் மரங்களை ஆற்றில் தள்ளிக் கீழே கொண்டுசெல்வது, கோடையில் வீடு திரும்பி வயலைக் கவனிப்பது என்று அவர்கள் ஆண்டு ஓடியது. சதுரமாகச் செதுக்கிய மரங்களின் கடைசித் தெப்பம் ஒட்டாவாவில் இறங்கியது 1908-இல்.

அவர்கள் குடியிருந்த கொட்டகையைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். உருண்டை மரங்களை அடுக்கிக் கட்டிய ஒரே பெரிய அறை, சன்னல் இல்லை. நடுவில் மணல் நிரப்பிய மேடை. அதன்மேல் இரவும் பகலும் அணையாத நெருப்பு. அதற்குக் 'காம்பூஸ்' என்று பெயர். புகை வெளியேறக் கூரையில் பெரிய ஓட்டை. படுத்தபடியே நட்சத்திரங்களைப் பார்க்கலாம், சில வேளை பனித்தூறலும் முகத்தில் விழும். சுவரையொட்டி இரண்டு அடுக்குப் பரண்கள். நாற்பது ஐம்பது பேர் அங்கே படுத்தனர். ஈரக் காலுறைகள் நெருப்பைச் சுற்றித் தொங்கின. அவற்றின் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. உணவோ, மணலுக்குள் புதைத்து வேகவைத்த பீன்ஸ் பயறு, உப்பிட்ட பன்றி இறைச்சி, இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டி, கறுப்புத் தேநீர், மறுநாளும் அதுவே. மது பெரும்பாலும் தடை. பெண்களும் குழந்தைகளும் இருந்த ஊர் பல நாள் பயணத்துக்கு அப்பால். அண்டையில் உள்ள மெயின் மாநிலத்தின் பழைய முகாம்களில் ஆளுக்கொரு போர்வைகூட இல்லை. வரிசையாகப் படுத்த அத்தனை பேருக்கும் ஒரே நீண்ட போர்வைதான். ஒருவர் புரண்டால் ஊரே புரளவேண்டும்!

வாரத்தில் ஆறு நாளும் விடியுமுன் எழுந்து, இருட்டிய பின் திரும்பும் உழைப்பு. சனிக்கிழமை இரவுதான் அவர்களுடையது. யாரேனும் ஒருவரிடம் பிடில் இருக்கும். பிடில் இல்லாவிட்டால் இரண்டு கரண்டிகளைத் தொடையில் தட்டியே தாளம் எழுப்புவர். காலடியாலேயே மேளம் கொட்டுவர். ஜோடி நடனத்துக்குப் பெண்களுக்கு எங்கே போவது? சிலர் கையில் கைக்குட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வர். அந்த இரவுக்கு அவர்களே 'சீமாட்டிகள்'. தாடியும் மீசையுமாய், ஆறடி உயரமாய், ஆணி தைத்த பூட்ஸ் காலோடு சீமாட்டி வந்து நின்று தலை வணங்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது!

அவர்களிடம் ஒரு முரட்டு விளையாட்டும் இருந்தது. ஒருவர் தொப்பியில் முகத்தைப் புதைத்துக் குனிந்து நிற்கவேண்டும். பின்னாலிருந்து யாரோ ஓங்கி ஓர் அறை வைப்பார். குனிந்தவர் திரும்பி, அத்தனை அப்பாவி முகங்களையும் பார்த்து, அடித்தவர் யாரென்று சொல்லவேண்டும். தவறாகச் சொன்னால் மறுபடியும் குனிய வேண்டியதுதான். சரியாகச் சொல்லிவிட்டாலோ, அடித்தவர் குனியவேண்டும். நான் இவ்விளையாட்டைப் பற்றிப் படித்தபோது அதன் முரட்டுத்தனத்தைவிட அதிலிருந்த நியாயமே என்னைக் கவர்ந்தது. அறைந்த கை எவ்வளவு பலமுள்ளதானாலும் அடுத்த முறை அதன் முதுகுக்கும் வாய்ப்பு உண்டு. என் அச்சகத்தில் அந்தத் திக்குவாய்ப் பையனுக்கு அப்படியொரு முறை வரவேயில்லை. அவன் குனிந்தே நின்றான்.

காட்டில் இந்த நியாயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. பெரிய வாளை இரு முனையிலும் இருவர் பிடித்து மரம் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் தம் பக்கம் இழுக்கத்தான் வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் வாள் வளைந்து சிக்கிக்கொள்ளும். ஒருவர் சோர்ந்து வாளின்மேல் தம் பாரத்தைப் போட்டால் மற்றவரின் தோள் இற்றுப்போகும். அதற்காக அவர்கள் சண்டையிடுவதில்லை. "வாள்மேல் சவாரி செய்வதானால் தாராளமாகச் செய், காலை மட்டும் தரையில் தேய்க்காதே" என்பது வட அமெரிக்கக் காடெங்கும் வழங்கிய கேலி. குற்றச்சாட்டு சொல்லியாயிற்று, சொன்னவிதத்தால் மறுமொழிக்கு இடமின்றிச் சிரிப்பும் வந்துவிட்டது. காலையில் ஒருவனை அழவைத்துவிட்டு, பிற்பகலில் சாயும் மரத்தினடியில் அவன் எழுப்பும் எச்சரிக்கைக் குரலை எதிர்பார்த்து நிற்க யாருக்குத் துணிவு வரும்? மேலும், மனம் நொந்தவன் எட்டாம் நாள் நின்றுகொள்ள அங்கே வழியுமில்லை. சுற்றிலும் பனி.

புதிதாக வருபவனைச் சோதிக்கும் வேடிக்கை அங்கும் உண்டு. இல்லாத கருவியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு கூடாரத்திலிருந்து மறு கூடாரத்துக்கு விரட்டுவார்கள். அத்தோடு விடுவார்களா? இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, காட்டில் உலவும் விலங்குகளைப் பற்றி மிகவும் கவலையோடு பேசிக்கொள்வார்கள். மலைச்சரிவிலேயே வாழும் விலங்கு ஒன்றாம். சரிவுக்கேற்ப ஒருபக்கக் கால்கள் குட்டை, மறுபக்கக் கால்கள் நெட்டை. மலையை ஒரே திசையில்தான் சுற்றிவர முடியும். திரும்ப நினைத்தால் உருண்டு விழும். துரத்தினால் எதிர்த்திசையில் ஓடித் தப்பிக்கலாம் என்று புத்திமதி வேறு! இன்னொன்று எப்போதும் மனிதனின் முதுகுக்குப் பின்னாலேயே மறைந்துகொள்ளும். எனவே அதைக் கண்டவர் எவருமில்லை. இப்படிப்பட்ட விலங்குகள் பலவற்றைத் தொகுத்து, படங்களோடு 1910-இல் ஒரு புத்தகமே வெளிவந்தது. எழுதிய வில்லியம் காக்ஸ் மினசோட்டா மாநிலத்தில் காட்டுத்துறை அதிகாரியாய் இருந்தவர் என்பதுதான் வேடிக்கை.

கனடா மரவெட்டிகள் பலர் எல்லை தாண்டி அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அங்கே ரைன்லாண்டர் என்னும் ஊரில், காட்டு மரங்களை மதிப்பிடும் தொழில் செய்த யூஜீன் ஷெப்பர்ட் என்பவர் 1893-இல், கொம்பும் முதுகு முழுவதும் முள்ளும் கொண்ட 'ஹோடாக்' என்ற கொடிய மிருகத்தைக் கண்டதாகக் கதை கட்டினார். சில ஆண்டுகளில் அதை உயிரோடு பிடித்துவிட்டதாகச் சொல்லி, மங்கலான வெளிச்சமுள்ள கூடாரத்தில் சந்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். மரத்தாலும் தோலாலும் செய்த அந்தப் பொம்மையைக் கம்பியால் அசைத்து மக்களை அலறவைத்தார். அறிஞர்கள் ஆராய வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் உண்மையை ஒப்புக்கொண்டாராம். ஊரார் கோபித்துக்கொள்ளவில்லை, இன்றும் அம்மிருகமே அந்த ஊரின் சின்னம். ஏமாந்த ஊர் முழுவதும் சேர்ந்து சிரிக்க முடிந்ததால் அது வேடிக்கையாகவே நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி. இந்தக் காட்டு முகாம்களுக்குப் பனிக்காலத்தில் குருக்களும் சென்றார்கள். யாழ்ப்பாணத்தில் நம்மவர் 'அமலமரித் தியாகிகள்' என்று அழைக்கும் சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அச்சபையினர் இலங்கை மண்ணில் வந்திறங்கிய அதே 1847-ஆம் ஆண்டில்தான், பின்னாளில் ஒட்டாவா எனப் பெயர் பெற்ற பைடவுனுக்கு, அச்சபையின் கீக் ஆண்டகை முதல் ஆயராக நியமிக்கப்பட்டார். பனிச்சறுக்கு வண்டியில் முகாம் முகாமாகச் சென்ற குருவானவர், இரவில் கொட்டகையின் ஒரு மூலையில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் திருப்பலி நிறைவேற்றிவிட்டு அடுத்த முகாமுக்குப் புறப்படுவார்.

அவர்கள் கேட்ட பாவங்களில் முதலிடம் எதற்கென்று ஊகிப்பது கடினமன்று. கியூபெக் மரவெட்டிகள் கோபம் வந்தால் பயன்படுத்திய சொற்கள் கோவிலிலிருந்து எடுத்தவை. நற்கருணைப் பேழை, கிண்ணம், திரு அப்பம் என்று நாம் முழந்தாளிட்டுச் சொல்லும் சொற்களே, மரத்தடி காலில் விழுந்தால் அவர்கள் வாயில் வசைச்சொற்களாய் வந்தன. இதை மனத்தில் கொண்டால்தான், அம்முகாம்களில் வழங்கிய பறக்கும் ஓடத்தின் கதை முழுச் சுவையோடு விளங்கும். ஒனோரே பொகிரான் என்ற எழுத்தாளர் 1891-இல் அதை அச்சில் ஏற்றினார்.

புத்தாண்டுக்கு முந்திய இரவு. கத்தினோ ஆற்றங்கரை முகாமில் அனைவரும் ஊர் நினைவில் வாடிக்கிடக்கின்றனர். பாப்டிஸ்ட் என்பவன் ஒரு வழி சொல்கிறான்: பேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் ஓடம் வானத்தில் பறக்கும், லாவால்ட்ரி ஊருக்குப் போய்க் காதலியரோடு நடனமாடிவிட்டு, காலை ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம். நிபந்தனைகள் இரண்டு: வழியில் ஆண்டவர் பெயரை உச்சரிக்கக் கூடாது, கோவில் கோபுரச் சிலுவை எதிலும் ஓடம் உரசக் கூடாது. தவறினால் எண்மரின் ஆன்மாவும் பேய்க்குச் சொந்தம். மூச்சுக்கு மூன்று முறை ஆணையிட்டுத் திட்டுகிற மரவெட்டி ஓர் இரவு முழுவதும் நாவை அடக்கவேண்டும்! பேய் எவ்வளவு தந்திரமாகக் கண்ணி வைத்தது பாருங்கள். போகும்போது எல்லாம் நலம். திரும்பும்போது, ஓடத்தைச் செலுத்தும் பாப்டிஸ்ட் மூக்குமுட்டக் குடித்திருக்கிறான். வாயைத் திறந்தால் தொலைந்தது. நண்பர்கள் அவனைக் கட்டிப்போட்டு வாயையும் அடைக்கிறார்கள். முகாம் நெருங்கும் நேரத்தில் அவன் கட்டை அறுத்துக்கொண்டு எழுந்து திமிற, ஓடம் ஒரு பைன் மரத்தில் மோதி அனைவரும் கீழே உருளுகிறார்கள். விடிந்தபின் பனியில் கிடந்தவர்களை மற்றவர்கள் தூக்கிவந்து படுக்கவைக்கிறார்கள். குடித்துவிட்டு விழுந்தார்கள் என்றே அனைவரும் எண்ணுகிறார்கள். அவர்களும் அதை மறுக்கவில்லை.

முதிர்ந்த ஆண்கள் "வீட்டு நினைவாய் இருக்கிறது" என்று ஒருவரிடமொருவர் சொல்லிக்கொள்வது அரிது. ஓடக் கதையைச் சொல்லிவிட்டால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது புரிந்துவிடும். காதலியின் முகத்தை ஓர் இரவு பார்த்துவர ஆன்மாவையே பணயம் வைக்கத் துணிந்த கூட்டம், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறது.

இவர்கள் தேவதூதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1830களின் நடுவில் பைடவுனில் ஐரிஷ் மரவெட்டிகளும் பிரெஞ்சுக் கனடியரும் வேலைக்காகத் தெருவில் மோதிக்கொண்டனர். ஆட்களைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தனர். இரு சாராரும் கத்தோலிக்கரே என்பது நமக்கு வெட்கம். அக்காலத்து ஜோ மோன்பெரான் என்ற பலசாலியின் பெயர் இன்றும் கதைகளில் வாழ்கிறது. 1802-இல் மான்ட்ரியலில் பிறந்தவர். எம்பிக் குதித்துத் தம் பூட்ஸ் ஆணியின் தடத்தை விடுதியின் உத்தரத்தில் பதித்துவிட்டுப் போவாராம். கைகலப்பைவிட இந்த வித்தையைப் பார்க்கவே கூட்டம் கூடியிருக்கும். எனினும் அதே ஐரிஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் பிந்திய ஆண்டுகளில் ஒரே கொட்டகையில் பனிக்காலத்தைக் கழித்தனர். ஒட்டாவாப் பள்ளத்தாக்கின் பிடில் இசையில் அயர்லாந்து மெட்டும் கியூபெக் மெட்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்துகிடப்பது அந்தச் சனிக்கிழமை இரவுகளின் பயனே.

சிரிப்புக்கு இடமில்லாத வேளையும் உண்டு. பின்னாளில் மேசை போட்டு உணவு பரிமாறிய முகாம்களில், சாப்பாட்டு நேரத்தில் பேச்சே கூடாது என்பது சமையற்காரரின் சட்டம். "ரொட்டியை இப்படித் தள்ளு" என்பதற்குமேல் ஒரு சொல் எழக் கூடாது. பேச்சு வளர்ந்தால் வாதம் வரும், வாதம் வந்தால் தட்டு பறக்கும் என்று அவர் அறிந்திருந்தார். முரட்டு ஆண்கள் நூறு பேர் வாய்பேசாமல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உண்டு எழுந்தனர்.

வசந்தம் வந்தால் ஆறு. உருகிய பனிநீரில் ஆயிரக்கணக்கான மரத்தடிகளை மிதக்கவிட்டு, அவற்றின்மேலேயே தாவித் தாவி ஓடி வழிநடத்துவார்கள். எங்காவது ஒரு தடி பாறையில் சிக்கினால் பின்னால் வருபவை மலைபோல் குவியும். சிக்கிய அந்த ஒரு தடியை விடுவிக்க ஒருவர் இறங்கவேண்டும்; விடுபட்ட கணத்தில் குவியல் முழுவதும் சரியும். பலர் அப்படியே மூழ்கினர். உடல் கிடைத்தால் கரையிலேயே புதைத்து, இறந்தவரின் ஆணி பூட்ஸை அருகிலுள்ள மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆண்டு அவ்வழியே வருபவர்கள் அந்தப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கடந்து சென்றனர். கியூபெக்கின் பெரிய ஆறுகளில் இவ்வாறு மரம் மிதக்கவிடும் வழக்கம் 1990களில் முற்றிலும் நின்றுபோனது. இப்போது எந்திரம் ஒன்றே மரத்தை வெட்டி, கிளை கழித்து, அளந்து அறுத்துவிடுகிறது; அதன் கண்ணாடி அறைக்குள் ஒருவர் தனியே அமர்ந்திருக்கிறார்.

மெயின் முதல் மிச்சிகன் வரை அந்த முகாம்களில் மிகுதியாகப் பாடப்பட்டது 'ஜெரிப் பாறை மரநெரிசல்' பற்றிய பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆற்றில் மரங்கள் நெரிந்து நிற்கின்றன. மன்ரோ என்னும் இளம் மேஸ்திரி ஆட்களை அழைக்கிறான். சிலர் தயங்கிப் பின்வாங்க, கனடிய இளைஞர் அறுவர் முன்வருகின்றனர். குவியல் உடைந்து அனைவரையும் வாரிக்கொண்டுபோகிறது. மன்ரோவின் உடல் கரையில் கிடைக்கிறது. அவனுக்கு மணமுடிக்க இருந்த பெண் வருகிறாள். தோழர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவள் கையில் கொடுக்கின்றனர். அந்தப் பாறை எங்கே இருந்தது என்று ஆய்வாளர் பலர் தேடினார்கள். கேட்ட ஊர்களிலெல்லாம் அது தங்கள் ஆற்றில்தான் இருந்தது என்றே சொன்னார்கள்.

சனிக்கிழமை இரவு ஆட்டமும் சீமாட்டிகளும் ஓய்ந்தபின், யாரேனும் கேட்டால், ஒருவர் அந்தப் பாட்டைத் தனியாகப் பாடுவார். அம்முகாம்களின் பாடகர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வரியின் இறுதிச் சொற்கள் வந்ததும் இராகத்தை விட்டுவிட்டு, அடுத்திருப்பவரிடம் பேசுவதுபோன்ற சாதாரணக் குரலில் அவற்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பாட்டு முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அதன்பின் விளக்கு அணையும்.